மூணு மணிக் கட்டம்

செத்த இருங்க, உக்காந்திராதிய. இந்தத் துணிய வச்சி ஒரு தொடை தொடச்சிருதேன். முன்னால இருந்தவன் முறுக்கத் தின்னுட்டு சீட்டு பூராம் உதுத்துப் போட்டுட்டு எறங்கியிருக்கான் பாருங்க. ஆங், இப்ப உக்காருங்க. கம்பியையும் தொடச்சிட்டேன், தாராளமாப் பிடிச்சிக்கிடலாம். சிரிக்காதிய. என் கை சும்மா இருக்காது, தொழில் அப்படி. இருபத்தொரு வருசமா மீன் கம்பெனியில கத்தி கழுவுதேன்.

நீங்க எதுவரைக்கும்? மதுரையா? நானும் அங்கனதான். மாட்டுத்தாவணியில எறங்கி ஐகோர்ட்டுக்குப் போவணும். நீங்க என்ன சோலி பாக்கிய? டீச்சரா! அப்ப நல்லதாப் போச்சு. நோட்டு, கட்டம், கையெழுத்து, இதெல்லாம் ஒங்களுக்குப் பழகுன சங்கதி. சொன்னா வெளங்கும்.

ஐகோர்ட்டுன்னதும் ஒங்க மூஞ்சி மாறுதே! பயப்படாதிய, நான் ஒண்ணும் கொலைகாரி இல்ல. கொலையானது என் மவன். மெல்வின்னு பேரு. இருபத்திமூணு வயசு. நான் வேல பாக்குற அதே கம்பெனியில ஐசு செக்சன்ல இருந்தான். ஆறு வருசம் ஆச்சு. கம்பெனிக்குள்ள வச்சே, பட்டப்பகல்ல, ராஜமணிங்கிற சூப்பர்வைசர் குத்திட்டான். கேசு இழுத்து இழுத்து நடந்து, போன வருசம் தூத்துக்குடி கோர்ட்டுல அவன விடுதலை பண்ணிட்டாவ. குத்தம் நிரூபணம் ஆவலியாம். அதுக்கு மேலதான் இப்ப அப்பீலு. இன்னைக்கு நான் போயி வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அதச் சொன்னாத்தான் அப்பீல்ல ஏதாவது நடக்கும். சொல்லலன்னா அம்புட்டுதான், அவன் ஆயுசுக்கும் வெளிய நிப்பான்.

என்ன வார்த்தன்னு கேக்கிய. சொல்லுதேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒங்களுக்குப் பிடிபடும். அருப்புக்கோட்டை தாண்டுற வரைக்கும் ஒங்களுக்கு வேற என்ன சோலி, கேளுங்க.

எங்க கம்பெனி துறைமுகம் போற ரோட்டுல இருக்கு. பேரு வேண்டாம். சூரை மீன அறுத்து, முள்ளு தோலு நீக்கி, ஐசுல வச்சி வெளிநாட்டுக்கு அனுப்புவாவ. அறுக்குறது பூராம் பொம்பளையாளுவ. எம்பத்திநாலு பேரு, எம்பத்திநாலு கத்தி. ஒவ்வொரு கத்திப் பிடியிலயும் நம்பர் வெட்டியிருக்கும். காலையில ஏழு மணிக்கு என் ரூமு சன்னல் வழியா நான் எண்ணிக் குடுப்பேன். பொறவு ஒம்பது மணி, பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு, இந்த மணிக்கெல்லாம் அம்புட்டுக் கத்தியும் என்கிட்ட திரும்ப வரும். குளோரின் தண்ணியில முக்கி, பிரசு போட்டுத் தேச்சி, வெந்நியில அலசி, நம்பர் வரிசையா ஆணியில மாட்டணும். ரூமு சாவி என் இடுப்புலதான். ஒரு கத்தி கொறஞ்சாலும் ஒருத்தியும் வீட்டுக்குப் போவ முடியாது. மீனுக்குள்ள கத்தி கெடந்து கப்பல் ஏறிட்டுன்னு வைங்க, கம்பெனிய இழுத்துச் சாத்த வேண்டியதுதான். இருபத்தொரு வருசத்துல என் ரூமுல ஒரு கத்தி தொலஞ்சது கெடையாது. ஒரு கத்தியில ஒரு செதிலு இருந்துச்சின்னு எவனும் சொன்னது கெடையாது.

அதுக்கு ஒரு நோட்டு உண்டு. ரிஜிஸ்டர்ம்பாவ. ஒரு நாளைக்கி ஒரு பக்கம். மணி, எத்தன கத்தி, சுத்தமா இல்லியா, கையெழுத்து, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு வாரவன் மொதல்ல அதத்தான் கேப்பான். ஒரு தடவ ஒரு வெள்ளக்காரன் என் நோட்டப் பெரட்டிப் பாத்துட்டு கட்டவெரலத் தூக்கிக் காட்டுனான் டீச்சர். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது, ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்காது. எட்டாங்கிளாசு படிச்சவ நான். கூட வேல பாத்தவளுவளுக்கு ஒரு வாரம் வயித்தெரிச்சல்.

சரி, ராஜமணி சமாச்சாரத்துக்கு வாரேன். எங்க கம்பெனியில கக்கூசுக்குப் போவ டோக்கன் வாங்கணும். ஒங்க பள்ளிக்கூடத்துலகூட அப்படிக் கெடையாதுல்லா? எம்பத்திநாலு பேருக்கு ரெண்டே ரெண்டு டோக்கன். அது ராஜமணி சட்டப் பையில இருக்கும். போயிக் கேட்டா ஒடனே தந்துருவானா, அந்த சவத்து மூதி. ‘இப்பத்தான போன, அதுக்குள்ள என்ன’ன்னு நாலு பேருக்குக் கேக்கும்படியா கேப்பான். பொம்பளையாளுவ தண்ணியே குடிக்காம கெடப்பாளுவ.

அன்னைக்கு ஜெனிட்டான்னு ஒருத்தி, ஏழு மாசம், டோக்கன் கேட்டு அர மணி நேரமா காலப் பின்னிக்கிட்டு நிக்கா. ராஜமணி அவளப் பாக்காத மாதிரி நிக்கான். ஐசு தள்ளிட்டு வந்த மெல்வினு இதப் பாத்துட்டான். நேரா போயி ராஜமணி சட்டப் பையில கைய விட்டான், டோக்கன எடுத்தான், அவ கையில குடுத்தான், ஐசத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான். அவ கத்திய மேசையிலயே போட்டுட்டு ஓடுனா. எம்பத்திநாலு பேரும் கொல்லுன்னு சிரிச்சிட்டாளுவ. நானும் சன்னல் வழியாப் பாத்துச் சிரிச்சேன். எம்பிள்ளல்லா, பெருமை தாங்கல எனக்கு. அப்ப மணி ரெண்டரை.

அந்தச் சிரிப்பு வேண்டாத சிரிப்புன்னு இப்பத் தெரியுது. ஆம்பள அடி வாங்குனா மறந்துருவான், பொம்பளையாளு கூடிச் சிரிச்சத மறக்கவே மாட்டான். இத நான் கோர்ட்டுலயும் சொன்னேன். ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க’ன்னுட்டாவ.

பொறவு மூணு மணிக் கழுவலுக்குக் கத்தி வர ஆரம்பிச்சிட்டு. எண்ணுதேன், எம்பத்திமூணு. திரும்ப எண்ணுதேன், எம்பத்திமூணு. நாப்பத்தொண்ணக் காணோம். நாப்பத்தொண்ணு ஜெனிட்டா கத்தி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அடுத்த வாரம் ஆடிட்டு வேற. மூணு மணி அடிச்சிட்டு, மத்த கத்தியெல்லாம் கழுவி முடிச்சிட்டேன், நாப்பத்தொண்ணாம் நம்பர் ஆணி மட்டும் மொட்டையா நிக்கி. மாதாவே, என் பேரக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டு நிக்கேன். அப்பத்தான் சன்னல்ல ராஜமணி வந்து நின்னான். ‘இந்தா பிரகாசி, நாப்பத்தொண்ணு. மேசையில கெடந்துச்சி. பாத்து வாங்கி வைக்க மாட்டியா’ன்னான்.

எனக்குப் போன உசுரு வந்துச்சி டீச்சர். அவன் கையப் பிடிச்சிக் கும்பிடாத கொறைதான். கத்தி பூராம் ரத்தம். அதுல என்ன அதிசயம்? சூரைக்கு ரத்தம் சாஸ்தி, அறுத்தா ஆட்டு ரத்தம் மாதிரி ஒழுகும். வாங்குனேன், முக்குனேன், தேச்சேன். சந்தோசமாத் தேச்சேன். அவன் போவாம நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். ‘பிடிப் பக்கமும் நல்லாத் தேயி, ஆடிட்டு வருது’ன்னான். ‘யாருக்குல சொல்லிக் குடுக்க? நீ பொறக்குறதுக்கு முன்னால இருந்து பாத்திரம் தேய்க்கேன்’னு ஏசிக்கிட்டே பிடிப் பக்கமும் தேச்சேன். அவன் போட்டிருந்த ரப்பர் ஏப்ரானயும் கழட்டி சன்னல்ல வச்சான். அதையும் கழுவிக் கொடியில போட்டேன். நாப்பத்தொண்ண ஆணியில மாட்டிட்டு அப்பாடான்னு நிக்கேன், ஐசு ரூமுப் பக்கத்துல இருந்து சத்தம் வருது. ‘பிரகாசியக்கா, ஓடியாங்க, மெல்வினப் பாருங்க’ன்னு. அப்பகூட நான் கையத் தொடச்சிட்டு, ரூமப் பூட்டிட்டுத்தான் ஓடுனேன்.

எம்பிள்ள ரத்தத்த நான்தான் கழுவுனேன் டீச்சர். ஒரு பொட்டு மிச்சம் வைக்காமக் கழுவுனேன்.

ஒண்ணுமில்ல, அழல. இந்த எட்டயபுரம் ரோட்டுப் புழுதி கண்ணுக்குள்ள போவுது. சன்னல செத்தச் சாத்துங்க.

போலீசு வந்தான். இன்ஸ்பெக்டர் ஒருத்தன், கழுத்துல கர்ச்சீப்பு வச்சிக்கிட்டு. நான் சொன்னேன், ராஜமணிதான் நாப்பத்தொண்ணக் கொண்டாந்து குடுத்தான், ரத்தம் இருந்துச்சி, நான் கழுவிட்டேன்னு. எழுதிக்கிட்டான். மூணு நாளு கழிச்சி வந்து கத்திய ஆணியில இருந்து எடுத்துட்டுப் போறான். மூணு நாளு! அடக்கம் முடிஞ்ச மறுநாளே நான் வேலைக்கு வந்துட்டேன், அதுக்குள்ள அந்தக் கத்திய இன்னும் பத்து தடவ கழுவிட்டேன். அத எடுத்து வைக்கணும்னு அவன் சொல்லணுமா வேண்டாமா? எங்க வேல நாங்க பாப்போம், அவன் வேல அவன்தான பாக்கணும்?

கத்தியச் சோதிச்சி ரிப்போர்ட்டு வந்துச்சி. ரத்தம் ஒண்ணும் இல்லன்னு. எப்படி இருக்கும்? அத கோர்ட்டுல வாசிக்கும்போது, சொல்லவே வெக்கமாருக்கு, ஒரு நிமிசம் எனக்குப் பெருமையா இருந்துச்சி. மிசினு வச்சிப் பாத்தும் கண்டுபிடிக்க முடியலியேன்னு. மறு நிமிசமே நெஞ்சில அடிச்சிக்கிட்டேன். ஆண்டவர் என்ன மன்னிக்கணும்.

இருந்தாலும் கேசு அதுல தோக்கலன்னு வக்கீலம்மா சொல்லுதாவ. தோத்தது சாட்சியிலதான். சாட்சி சொல்ல வந்தவளுவ இருக்காளுவளே, அவளுவள நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதுலயும் ஜெனிட்டா! யாருக்காவ எம்பிள்ள செத்தான்? அடக்கத்துக்கு வந்து, ‘பையன் பொறந்தா மெல்வின்னு பேரு வைக்கேன் அக்கா’ன்னு எங்கையப் பிடிச்சிக்கிட்டு அழுதவ. கூண்டுல ஏறி என்ன சொன்னா தெரியுமா? ‘நான் கத்திய சன்னல்ல குடுத்துட்டுத்தான் கக்கூசுக்குப் போனேன்’ன்னுட்டா. மேசையில போட்டுட்டுப் போனேன்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் சொல்லல? கத்திய மேசையில போட்டுட்டுப் போனா வேலைய விட்டு நிப்பாட்டிருவாவ, அதான் சட்டம். ஒரு உசுரு போயிருக்கு, இவளுக்கு வேல பெருசாப் போச்சு! சத்தியம் பண்ணிட்டு ஒரு உண்மையச் சொல்ல நாக்கு வரலியே! நானா இருந்தா நாக்கப் பிடுங்கிட்டுச் செத்திருப்பேன். இன்னைக்கும் அவ சன்னல்ல வந்து கத்தி கேட்டா நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன். அவளுக்குப் பொம்பளப் பிள்ளதான் பொறந்துச்சி. நல்லவேளை.

என்னையுந்தான் கேட்டாவ. கேக்காம விடுவாவளா? நான்தான மொத சாட்சி. கோர்ட்டுல ஏறுறதுக்கு மொத நாளு சாயங்காலம் எங்க மானேசர் வீட்டுக்கு வந்தாரு. நல்ல மனுசன் டீச்சர், மெல்வினு சவப்பெட்டிய ஒரு பக்கம் தூக்குனவரு. ‘பிரகாசி, ராஜமணி கத்தியக் கொண்டாந்து குடுத்தான்னு நீ சொல்லு, நான் தடுக்கல. ஆனா ரிஜிஸ்டர் பக்கம் மட்டும் போயிராத. ரிஜிஸ்டர் பொய்யின்னு ஒரு வார்த்த வந்துச்சின்னா வெளிநாட்டுக்காரன் லைசென்ஸ ரத்து பண்ணிருவான், எம்பத்திநாலு குடும்பம் தெருவுல நிக்கும்’ன்னாரு. நான் சொன்னேன், ‘என் நோட்டப் பத்தி நான் எதுக்கு சார் தப்பாச் சொல்லப் போறேன்’னு. ரெண்டையும் சொல்லலாம்னுதான நெனச்சேன். ராஜமணி குத்துனதும் உண்மை, என் நோட்டும் உண்மை. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே.

ராஜமணி வக்கீலு நல்ல மரியாதக்காரன். அம்மா அம்மான்னுதான் பேசுனான். நோட்டக் காட்டி, ‘அம்மா, இது உங்க கையெழுத்தா?’ன்னான். ஆமான்னேன். ‘மூணு மணிக் கட்டத்துல என்ன இருக்கு, கொஞ்சம் படிங்க’ன்னான். படிச்சேன். ‘எம்பத்திநாலு. சுத்தம். பிரகாசி.’ ‘அழகா எழுதியிருக்கீங்கம்மா. அப்போ மூணு மணிக்கு எம்பத்திநாலு கத்தியும் கழுவி உங்க ரூம்ல இருந்துச்சு?’ நான் நோட்டத் திரும்பப் பாக்கேன். ‘ரூம் சாவி யார்கிட்ட?’ ‘என் இடுப்புல.’ ‘உங்க மகன் ஐஸ் ரூம் பக்கம் விழுந்து கிடந்தத முதல்ல பாத்தப்ப மணி மூணு பத்து. குத்துப்பட்டு பத்து நிமிஷத்துக்கு மேல ஆகலைன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்போ மூணு மணிக்கு மேலதான் குத்து விழுந்திருக்கு. பூட்டின ரூம்ல இருந்த கத்தி என் கட்சிக்காரர் கைக்கு எப்படிம்மா போச்சு? நீங்க எடுத்துக் குடுத்தீங்களா?’

கோர்ட்டுல ரெண்டு பேரு சிரிச்சாவ. ‘இல்லய்யா, அவன் மூணு மணிக்குப் பொறவுதான் கொண்டாந்து குடுத்தான்’ங்கேன். ‘அப்போ இந்த நோட்டு பொய்யா? நீங்க பொய்க் கணக்கு எழுதுற ஆளா?’ன்னான். அந்த வார்த்ததான் டீச்சர். யாரும் என்ன அப்படிக் கேட்டது கெடையாது. மானேசர் மூணாவது பெஞ்சுல உக்காந்து என்னையே பாக்காரு. நிமுந்து நின்னு சொன்னேன், ‘என் நோட்டுல பொய் கெடையாதுய்யா. இத்தன வருசத்துல ஒரு கட்டம் பொய் கெடையாது. மாதா மேல சத்தியம்’ன்னு. ‘வேற கேள்வி இல்லை’ன்னு உக்காந்துட்டான்.

தீர்ப்புல எழுதியிருக்காவளாம். ‘மகனை இழந்த தாயின் வேதனையை இந்த நீதிமன்றம் உணர்கிறது. ஆனால் அவர் தன் கைப்பட எழுதி, உண்மை என்று சத்தியம் செய்த பதிவேட்டுக்கு மாறாக அவர் கூறுவதை ஏற்க இயலவில்லை.’ வக்கீலம்மா ரெண்டு தடவ வாசிச்சிக் காட்டுனாவ. எனக்கு இப்ப மனப்பாடம்.

வெளிய வந்த மறு வாரமே ராஜமணி வேலைக்கு வந்துட்டான். அதே சூப்பர்வைசர் வேல. கோர்ட்டே விட்ட பொறவு கம்பெனி எப்படி வேண்டாங்கும்? டோக்கனு இப்பவும் அவன் பையிலதான். காலையில ஏழு மணிக்கு சன்னல்ல வந்து நிக்கான், ‘எண்ணிக்கை சரியா’ன்னு கேக்கான், நான் ‘சரி’ங்கேன். வேற கம்பெனிக்குப் போயிருன்னு ஊருல எல்லாரும் சொல்லுதாவ. நான் எதுக்குப் போவணும்? அது என் ரூமு. நான் போயிட்டா அந்தக் கத்திய எவ கழுவுவா? ஒருத்திக்கும் பிடி தேய்க்கத் தெரியாது. நாப்பத்தொண்ணு கோர்ட்டுலயே கெடக்கு. புது நாப்பத்தொண்ணு செஞ்சி தாறோம்னாவ, வேண்டாம்னுட்டேன், ஜெனிட்டாவுக்கு வேற நம்பர் குடுத்தாச்சு. அந்த ஆணி சும்மாத்தான் இருக்கு. தெனமும் அதத் தொடைப்பேன்.

என் வீட்டு ஆளா? இருக்காரு. வலை பின்னுற எடத்துல காவலுக்கு இருக்காரு. மவன் போனதுல இருந்து அவருக்குப் பேச்சு நின்னுட்டு. கவலைல்லா. டீக்கடையில பேசுவாரு, கோயில்ல பேசுவாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளைய கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாரு. என்கிட்டதான் பேச மாட்டாரு. இன்னைக்குக்கூட, ‘மதுரைக்கு வாரியளா’ன்னு கேட்டேன். சோத்துத் தட்ட தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு. அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனைக்கேன்.

அப்பீலு போடணும்னா சர்க்காரு போடணுமாம். சர்க்காரு வக்கீலு, இதுல ஒண்ணும் நிக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. பொறவு எங்க மாதா கோயில் பங்குச் சாமியார்தான் தமயந்தின்னு ஒரு வக்கீலம்மா இருக்காவன்னு மதுரைக்கு அனுப்புனாரு. பெத்தவளும் போடலாம், அதுக்குச் சட்டம் இருக்குன்னு சொல்லி அவியதான் போட்டாவ. சின்ன வயசு, கண்ணாடி போட்டிருப்பாவ. மேசை பூராம் தூசி. நான் போவும்போதெல்லாம் தொடச்சிக் குடுப்பேன்.

நான் என்ன நெனச்சேன்னா, ஐகோர்ட்டு சட்ஜி முன்னால நின்னு எல்லாத்தையும் மொதல்ல இருந்து எடுத்துச் சொல்லலாம்னு. அப்படிக் கெடையாதாமே! அங்க யாரும் நம்மளக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாவளாம். கீழ்க் கோர்ட்டுல நாம என்ன சொன்னமோ அந்தத் தாளத்தான் வாசிப்பாவளாம். நான் அன்னைக்குச் சொன்னதுதான் நான். அந்தத் தாளுக்குள்ள நான் மாதா மேல சத்தியம் பண்ணிக்கிட்டே நிக்கேன். எத்தன தடவ வாசிச்சாலும் அதையேதான் சொல்லுவேன்.

போன மாசம் வக்கீலம்மா அந்த நோட்டுப் பக்கத்தோட நகல எடுத்து வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாவ. பொறவு கேட்டாவ, ‘அம்மா, இந்த மூணு மணிக் கட்டத்த எத்தன மணிக்கு எழுதுனீங்க?’

ஆறு வருசத்துல ஒருத்தரும் அந்தக் கேள்வியக் கேக்கல டீச்சர். போலீசு கேக்கல, சர்க்காரு வக்கீலு கேக்கல, சட்ஜி கேக்கல. எனக்குச் சுருக்குன்னுச்சி. ‘மூணு மணிக் கட்டத்த மூணு மணிக்குத்தான் எழுதுவாவ, பொறவு எப்ப எழுதுவாவ’ன்னு சொல்லிட்டு, பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

அவிய விடல. போன் போட்டாவ. ‘கோர்ட்டுல அசல் நோட்டையும் பாத்துட்டேன். அஞ்சு கட்டமும் ஒரே மையில, ஒரே அழுத்தத்துல, ஒரு சொட்டு ஈரம் இல்லாம இருக்கு. கத்தி கழுவுற கையால எழுதுன மாதிரி இல்லம்மா. உண்மை வேற மாதிரி இருந்தா இப்பவாவது சொல்லுங்க. உங்கள மறுபடியும் விசாரிக்கச் சொல்லி மனுப் போடுறேன். ஆனா ஒண்ணு, முதல்ல சொன்னது பொய்ச் சத்தியம்னு நீங்களே ஒத்துக்கணும். உங்க மேல கேஸ் வரலாம். அப்படியே சொன்னாலும் சட்ஜி நம்புவாருன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. மகனுக்காக இப்போ மாத்திப் பேசுறாங்கன்னுதான் நினைப்பாங்க. பத்துக்கு ஒண்ணுதான் வாய்ப்பு. திங்கக்கிழமைக்குள்ள வந்து சொல்லுங்க’ன்னாவ. இன்னைக்குத்தான் திங்கக்கெழம.

என்ன நியாயம் பாருங்க. பொய்யச் சொன்னப்ப எழுத்துக்கு எழுத்து நம்புனாவ. உண்மையச் சொன்னா நம்ப மாட்டாவளாம்.

நீங்களே சொல்லுங்க டீச்சர், ஒளிக்காமச் சொல்லுங்க. ஒங்க நோட்டெல்லாம் அன்னைக்கன்னைக்கே எழுதுவியளா? மொத்தமா உக்காந்து எழுதுறது கெடையாதா? பாத்தியளா, சிரிக்கிய. எல்லாரும் அப்படித்தான். எங்க கம்பெனியில ஐசு சூடு பாக்குற நோட்டு, தண்ணி நோட்டு, கை கழுவுற நோட்டு, எல்லாமே காலையில ஏழு மணிக்கே சாயங்காலம் வரைக்கும் எழுதிருவாவ. வேல ஆரம்பிச்சிட்டா கை காயாது. ஈரக் கையோட எழுதுனா தாளு நமத்து மை ஊறிரும், நோட்டு அசிங்கமாயிரும். நான் யாரையும் ஏமாத்தணும்னு எழுதல. நோட்டு சுத்தமா இருக்கணும்னு எழுதுனேன். இருபத்தொரு வருசமா எழுதுனேன், ஒரு நாளும் தப்பல. மூணு மணிக்கு எம்பத்திநாலுன்னா எம்பத்திநாலுதான் இருக்கும். அந்த ஒரு நாளு, அந்த ஒரு கட்டம்.

அன்னைக்கு அத மட்டும் எழுதாம விட்டிருந்தா, ராஜமணி வக்கீலுக்குக் காட்ட ஒண்ணும் இருந்திருக்காது. கூண்டுல வச்சி ‘ஆமாய்யா, காலையிலயே எழுதுனது’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாலும் போதும். நாக்கு வரல. ஜெனிட்டாவ ஏசுதேனே, எனக்குந்தான் வரல. இத நான் யாருகிட்டயும் சொன்னது கெடையாது, ஒங்ககிட்டதான் சொல்லுதேன். சொல்லிப் பாத்துக்கிடுதேன், அங்க போயி வாய் வருதா பாப்போம்னு.

இது என்ன, மாட்டுத்தாவணி வந்துட்டா? ஒங்க பைய எடுத்துக்கிடுங்க, குடைய மறந்திராதிய. இந்தா, இந்தப் பேனாவப் பாருங்க. தாளுல கையெழுத்துப் போடச் சொன்னா இதுலதான் போடணும்னு கொண்டாந்திருக்கேன். மெல்வினு பேனா. அன்னைக்குக் காலையில சன்னல் பக்கம் ஸ்டூல்ல உக்காந்து நோட்டு எழுதும்போது என் பேனா மக்கர் பண்ணிட்டு. அவன் ஐசு செக்சனுக்குப் போற வழியில டீக் கிளாசோட வந்து நின்னான். ‘ஏல, ஒன் பேனாவத் தா’ன்னு வாங்கி எழுதுதேன். ஒம்பது மணி, எம்பத்திநாலு, சுத்தம். பதினொண்ணு, எம்பத்திநாலு, சுத்தம். ஒரு மணி, மூணு மணின்னு வரிசையாப் போட்டுட்டு வாரேன். டீயக் குடிச்சிக்கிட்டே தோளு மேல எட்டிப் பாத்தவன் சிரிக்கான். ‘எம்மா, மூணு மணிக்கு என்ன நடக்கும்னு ஒனக்கு இப்பமே தெரியுமோ?’ங்கான்.

‘மூணு மணிக்கு என்னல புதுசா நடக்கப் போவுது, போயி வேலையப் பாருல’ன்னேன்.

சரிம்மான்னுட்டுப் போனான் டீச்சர்.